தார் கேட்கும் முன் தண்ணீருக்கு வழி கேளுங்கள்

காஞ்சிபுரம் நகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் திருப்பருத்திக்குன்றம். இங்குள்ள சமணர் கோயில்களைக் காண வெளியூர்க்காரர்கள் பொழுது விடிந்தபின் வருகிறார்கள். சுற்றுப்பட்டு விவசாயிகளோ பொழுது விடியுமுன்பே காஞ்சிபுரம் சந்தைக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். கத்தரிக்காய் மூட்டை, கீரைக்கட்டு, பால் கேன் ஆகியவை சைக்கிளின் காரியரில் ஏறிக் கழனி வழியில் குலுங்கி, ஏரிக்கரையில் சறுக்கி, பிறகே தார்ச்சாலையை அடைகின்றன. மழைக்காலத்தில் இந்த வழியில் சைக்கிள் ஒருமுறை சாய்ந்தால் போதும். அன்றைய உழைப்பு சேற்றோடு போய்விடும்.

இத்தகைய வழிகளில் இப்போது வேறொரு வகைச் சைக்கிளும் தென்படுகிறது. நகரத்து இளைஞர்கள் ஹேண்டில்பாரிலும், சட்டத்தின் நடுவிலும், இருக்கைக்கு அடியிலும் பைகளைக் கட்டிக்கொண்டு, தார்ச்சாலையை வேண்டுமென்றே விலக்கிவிட்டு, கிராவல் சாலை, ஏரிக்கரை, மலையடிவாரம் என்று பல நாள் பயணம் போகிறார்கள். இதற்குப் 'பைக்பேக்கிங்' என்று பெயர். கடினமான வழியை அவர்கள் விரும்பித் தேடுகிறார்கள். விவசாயிக்கோ அதே வழி விருப்பம் இல்லாமலே வாய்த்திருக்கிறது.

பாரம் ஏற்றிய சைக்கிளில் கரடுமுரடான வழியைக் கடப்பது எப்படி என்பதை இந்தப் பயணிகள் நன்றாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். கால்பலத்தை விடப் பாரம் கட்டும் முறையே முக்கியம் என்பது அவர்கள் அறிந்த முதல் பாடம். வழியைக் கெடுப்பது கல்லும் குழியும் அல்ல, தேங்கி நிற்கும் தண்ணீரே என்பது இரண்டாவது பாடம். இவ்விரண்டும் சிறு விவசாயிக்குப் பெரிதும் பயன்படும். குறிப்பாக, 'எங்கள் கழனி வழிக்குத் தார் போடுங்கள்' என்று மனு எழுதும் ஊர்கள் இரண்டாவது பாடத்தை முதலில் கற்றாக வேண்டும்.

சேறு நிறுத்திய பயணங்கள்

காற்றடைத்த டயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு கால்நடை மருத்துவர் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். ஜான் பாய்டு டன்லப் என்ற அவர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டுமென்று செய்த முயற்சிக்கு 1888இல் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகே சைக்கிள் கரடுமுரடான வழிக்கு ஏற்ற வாகனமாயிற்று.

அடுத்த பத்து ஆண்டுகளுக்குள், 1897இல், அமெரிக்கப் படையின் 25ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் இருபது பேர் மான்டானா மாநிலத்திலிருந்து செயின்ட் லூயிஸ் நகரம் வரை சைக்கிளில் சென்றார்கள். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தூரத்தை 41 நாட்களில் முடித்தார்கள். கூடாரம், போர்வை, உணவு, துப்பாக்கி எல்லாம் சைக்கிளிலேயே சென்றன. அவர்களை மலை ஏற்றத்தை விட அதிகம் வாட்டியது களிமண் சேறுதான். சக்கரத்தில் சேறு அப்பிக்கொண்டு சுற்றவிடாமல் செய்தபோது, சைக்கிளை ரயில் பாதைக்குத் தூக்கிச் சென்று கட்டைகளின் மேல் தள்ளிப் போனார்கள்.

இன்று உலகில் பெயர்பெற்ற கிராவல் வழிகளுள் ஒன்று, கனடாவிலிருந்து அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரை ஒட்டி மெக்சிகோ எல்லை வரை செல்லும் 'கிரேட் டிவைட்' சைக்கிள் வழி. 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அதில் பெரும்பகுதி காட்டுச் சாலையும் கிராவல் சாலையுமே. மழை பெய்தால் அதன் தென்பகுதியிலுள்ள களிமண் தடங்களில் தேர்ந்த பயணிகள்கூட இறங்கி நின்று, மண் காயும் வரை காத்திருப்பார்கள். விலையுயர்ந்த சைக்கிளும் சேற்றின் முன் உதவாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஏரிப் பாசன ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கழனிக்குப் போய் வருகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பாரம் எங்கே இருக்க வேண்டும்?

சைக்கிளில் பாரம் ஏற்றும்போது பெரும்பாலோர் ஒரே மூட்டையாகக் கட்டிக் காரியரின் மேல் உயரமாக வைத்துவிடுகிறார்கள். தார்ச்சாலையில் இது எப்படியோ போய்விடும். குழியில் முன்சக்கரம் இறங்கியதும் மூட்டையின் கனம் பக்கவாட்டில் சாய்ந்து ஆளையும் சேர்த்துத் தள்ளும். மூட்டை பின் அச்சைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால், மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். ஹேண்டில்பார் சொன்னபடி கேட்காது.

நெடுந்தூரப் பயணிகள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கனமான பொருள் தாழ்வாக, இரு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கிறது. இலேசான பொருள் மட்டும் மேலே போகிறது. வலப்பக்கமும் இடப்பக்கமும் கனம் சமமாக இருக்கிறது. இது புதிய ஞானம் அன்று. இரண்டு கேன்களைக் காரியரின் இருபுறமும் தொங்கவிட்டுச் செல்லும் பால்காரர் பல தலைமுறையாகச் செய்து வருவதும் இதுவே. காய்கறி கொண்டுசெல்பவர்களும் அவரைப் பின்பற்றலாம். அறுபது கிலோ கத்தரியை ஒரே மூட்டையாகக் கட்டாமல், முப்பது கிலோ வீதம் இரண்டாகப் பிரித்து, காரியரின் இருபுறமும் பின் அச்சுக்கு நேராகத் தொங்கும்படி கட்டினால் சைக்கிள் நிலையாக நிற்கும். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து இழுத்துக் கட்டினால் குலுக்கலில் தளராது. மூட்டை ஆரக்கம்பியில் உரசாமல் இருக்க இடையில் ஒரு மூங்கில் தட்டியோ பலகையோ கட்டிவிட வேண்டும்.

தக்காளியைச் சாக்கில் கட்டி இத்தகைய வழியில் கொண்டுசெல்வது சொந்தப் பணத்தை நசுக்குவதற்குச் சமம். பிளாஸ்டிக் பெட்டியிலோ வைக்கோல் பரப்பிய கூடையிலோ கொண்டுசெல்ல வேண்டும். கீரைக்கு மேல் ஈரச் சாக்கு மூடினால் வாட்டம் குறையும். ஒரு நடைக்கு மூன்று கிலோ காய் நசுங்கி வீணாகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு பருவத்தில் நாற்பது நடைக்கு 120 கிலோ போய்விடுகிறது. அதாவது இரண்டு முழு நடை அளவு சரக்கு, சந்தையைக் காணாமலே தொலைகிறது. இந்த இழப்பை விவசாயி எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

தள்ளிச் செல்வது இழுக்கன்று

பாரம் மிகும்போது ஏறி ஓட்டுவதைவிடத் தள்ளிச் செல்வதே அறிவுடைமை. வியட்நாமில் 1954ஆம் ஆண்டு தியன் பியன் பூ போரின்போது, ஏறத்தாழ 20,000 சைக்கிள்கள் காட்டு மலை வழிகளில் அரிசியையும் போர்ப் பொருட்களையும் கொண்டுசென்றன. ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேலும் ஏற்றினார்கள். யாரும் அவற்றில் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு நீள மூங்கிலைக் கட்டி, அதைப் பிடித்துத் திசை திருப்பினார்கள். இருக்கைத் தண்டில் இன்னொரு கழியை நட்டு, அதைப் பிடித்துச் சாயாமல் தள்ளினார்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஏழைத் தொழிலாளிகள் நிலக்கரி மூட்டைகளைச் சைக்கிளில் அடுக்கி மைல்கணக்கில் தள்ளிச் செல்லும் முறையும் இதைப் போன்றதே.

அந்தத் தொழிலாளியின் முதுகு படும் பாட்டை எண்ணினால் அதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இரண்டு மூங்கில் கழிகளின் உபாயத்தை எடுத்துக்கொள்ளலாம். பாலாற்று மணலைக் கடக்கும் இடத்திலும், ஏரிக்கரை இறக்கத்திலும் மூட்டையோடு ஓட்டிச் செல்லத் துணிவது ஆபத்து. இறங்கித் தள்ள வேண்டும். மணல் ஆழமாக உள்ள இடத்தில் தென்னை மட்டைகளையோ வைக்கோலையோ பரப்பினால் சக்கரம் புதையாது.

காற்றும் கம்பியும்

டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. கல்லாக இறுகும்படி காற்றடித்தால் கிராவலில் சக்கரம் துள்ளும், சறுக்கும், காயும் அடிபடும். காற்று குறைந்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் சிக்கிக் கிழியும். பயணிகள் அகலமான டயர் போட்டுக்கொண்டு காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். சாதாரணச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குல அகலமே உள்ளது. ஆகவே அவர்களைப் பார்த்துப் பின்சக்கரத்தின் காற்றைக் குறைக்கக் கூடாது. பின்சக்கரம் நன்றாக நிரம்பியும், முன்சக்கரம் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும்படியும் இருப்பது போதும்.

பழைய முறைச் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 கம்பிகளும் உண்டு. பாரம் பின்னால் விழும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார்கள். வாரம் ஒருமுறை கம்பிகளை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். தளர்ந்த கம்பி மந்தமான ஓசை தரும். ஒரு கம்பி தளர்ந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையையும் தாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துபோகும். பாரத்துக்கென்று சைக்கிள் வாங்குகிறவர்கள் இரட்டைக் குறுக்குத்தண்டு உள்ளதையே வாங்க வேண்டும். களிமண் வழியில் போகிறவர்கள் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி வைத்துக்கொள்வதும், சேற்றைக் குத்தி எடுக்க ஒரு குச்சியை உடன் வைத்திருப்பதும் நல்லது.

'இந்தக் காலத்தில் சைக்கிளா?' என்று சிலர் கேட்கலாம். பலர் மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் பெட்ரோல் செலவைத் தாங்க முடியாத அரை ஏக்கர், ஒரு ஏக்கர் விவசாயிகள் இன்னும் சைக்கிளை விடவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தையொட்டிக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, பஸ்ஸுக்குக் காத்திராமல் விளைபொருளைத் தாமே விற்கப் போக முடிந்தது. மேலும், மொபெட்டுக்கும் இதே விதிகள்தான். அது சாய்ந்தால் அடி இன்னும் பலமாகப் படும்.

பாலாறு முதல் ஜவ்வாது வரை

வழி எப்படிக் கெடுகிறது என்பதை அறிய, திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பாலாற்றைக் கடந்து, செய்யாற்றின் போக்கை எதிர்த்து மேற்கே போனால் போதும். திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கும் செய்யாறு, ஜவ்வாது மலையில் பிறக்கிறது. நகரத்துப் பயணிகள் விரும்பும் எல்லா வகை வழியும் இந்தத் திசையில் உண்டு. சமவெளியில் ஏரிக்கரைத் தடம், அதைத் தாண்டிச் செம்மண் கிராவல் சாலை, மலையில் காட்டுச் சாலை. மூன்றிலும் சைக்கிளுக்குச் சோதனை ஒரே காரணத்தால் வருகிறது.

ஏரிக்கரைத் தடம் கனரக வண்டிகளின் சக்கரத்தடத்தில் பள்ளமாகிறது. பள்ளத்தில் மழைநீர் நின்று கரைமண்ணை இளக்குகிறது. இது வழிக்கு மட்டுமல்ல, ஏரிக்கே கேடு. 2015 டிசம்பர் மழையில் ஏரிகள் உடைந்ததையும், 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததையும் இப்பகுதியினர் மறந்திருக்க முடியாது. செம்மண் கிராவல் சாலையில், நடுப்பகுதி தாழ்ந்து ஓரம் உயர்ந்துவிட்டால் சாலையே வாய்க்காலாகிறது. மலைச் சாலையில் தண்ணீர் சரிவு நெடுகிலும் ஓடி, மண்ணை அரித்துக் கற்களை மட்டும் மிச்சம் வைக்கிறது. சாமையும் புளியும் மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் அந்தக் கற்கள்தான் சக்கரத்தை முறிக்கின்றன.

சாலையின் நடு உயரட்டும்

இதற்கு மருந்து மிக எளிது. சாலையின் நடுப்பகுதி உயர்ந்து, இருபுறமும் சரிந்து, ஓரத்தில் கால்வாய் இருக்க வேண்டும். கிராமச் சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரசின் கையேடு, கிராவல் சாலைக்கு நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு வரையும், மண்சாலைக்கு நான்கு முதல் ஐந்து வரையும் சரிவு வேண்டும் என்கிறது. மூன்று மீட்டர் அகலமுள்ள கிராவல் வழியில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஆறு சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல்கடை உயர்ந்திருந்தால் போதும். இந்த மூன்று விரல்கடை இருந்தால் மழைநீர் சில நிமிடங்களில் ஓரத்துக்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் சில நாட்கள் அங்கேயே நிற்கும்.

கிராவலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சரளையும் மணலும் அதிகமாகி, பிடிப்புக்குக் களிமண் இல்லையென்றால் வெயில்காலத்தில் உதிர்ந்து, வண்டிகள் ஓட ஓட வரிவரியாக அலையெழும்பும். களிமண் மிகுந்தால் மழையில் சேறாகும். ஈரப்படுத்திக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். கையில் பசைபோல ஒட்டக் கூடாது. காய்ந்த கிராவலைக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போவது வீண் செலவு. மிதமான ஈரத்தில் உருளை ஓட்டினால்தான் அது இறுகும். ஆடி, ஆவணி மாதங்களில் கிடைக்கும் தூறலைப் பயன்படுத்திக்கொண்டு, ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிப்பதே முறை. பருவம் தப்பிய விதைப்பைப் போலவே பருவம் தப்பிய சாலை வேலையும் பலன் தராது.

சரிவான இடங்களில் ஓரக்கால்வாய் மட்டும் போதாது. சாலையின் குறுக்கே சாய்வாகச் சிறு மேடுகள் அமைத்து, ஓடிவரும் நீரை அங்கங்கே பக்கத்து நிலத்தில் திருப்பிவிட வேண்டும். சரிவு கூடக்கூட மேடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். மானாவாரி நிலத்தில் சம உயர வரப்பு செய்யும் வேலையைச் சாலையில் இந்த மேடுகள் செய்கின்றன. அரிப்பைத் தடுப்பதோடு, திரும்பிய நீர் பக்கத்து நிலத்திலேயே ஊறவும் செய்கிறது.

தார் எல்லாவற்றையும் சரிசெய்து விடாதா என்ற கேள்வி நியாயமானதே. பஸ்ஸும் லாரியும் போகும் ஊர்ச்சாலைக்குத் தார் தேவை, அதில் ஐயமில்லை. 2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தால் பல ஊர்கள் பலன் அடைந்தன. ஆனால் ஊரிலிருந்து கழனிக்குப் போகும் வழிக்கு, தண்ணீர் வடிய ஏற்பாடில்லாமல் மெல்லிய தார் பூசினால், அடியிலுள்ள மண் இளகி மேலே உள்ள தார் பெயர்ந்துவிடும். பெயர்ந்த தாரின் விளிம்பு சைக்கிள் டயருக்குக் கத்தி. அதைச் சரிசெய்ய மறுபடியும் ஒப்பந்தக்காரர் வர வேண்டும். கிராவல் வழி கெட்டால் மண்வெட்டியும் அன்னக்கூடையும் கொண்டு ஊராரே ஒரு காலைப் பொழுதில் சரிசெய்யலாம். ஊரார் கையால் பழுது பார்க்க முடிகிற வழியே சிறு விவசாயிக்கு நெடுநாள் உதவும்.

வழியைக் கெடுப்பவர் யார்?

இதில் விவசாயிகளுக்குக் கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. கழனி வழிகள் பல, அரசு கவனிக்காததால் மட்டும் கெடவில்லை. வழியின் இருபுறமும் நிலம் வைத்திருப்பவர் ஒவ்வோர் உழவிலும் கொழுமுனையை ஒரு சாண் வழிக்குள் செலுத்துகிறார். ஓரக்கால்வாய் தூர்ந்து அதன்மேல் நாற்று நிற்கிறது. பாசன நீரைக் குழாயில் கடத்தாமல் சாலையின் குறுக்கே வெட்டித் திறந்துவிடுகிறார்கள். பாய்ந்தபின் வெட்டிய இடத்தை மூடுவதில்லை. டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரத்தைக் கழற்றாமல் வழியில் ஓட்டுகிறார்கள். மாலையில் இப்படிச் செய்தவரே மறுநாள் விடியற்காலையில் தம் மூட்டையோடு அந்தப் பள்ளத்தில் விழுகிறார்.

ஒரு சாண் நிலத்தில் கிடைக்கும் நெல் எவ்வளவு, அதனால் குறுகிய வழியில் ஊரார் அனைவரும் இழக்கும் காய்கறி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால், இந்த ஆசை எவ்வளவு நட்டம் என்பது விளங்கும். கடைசிக் கழனிக்காரருக்கு அந்த வழி ஒன்றே வழி. முன்கழனிக்காரர்கள் அதைக் குறுக்கினால், அவர் நெல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். அல்லது களத்திலேயே வந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். வழியில்லாத நிலத்துக்கு விலையும் இல்லை, விளைச்சலுக்குப் பேரமும் இல்லை.

தடிவழி வாரியம்

கழனி வழியைப் பொதுக்காரியமாகக் கருதுவது இப்பகுதிக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், குடவோலை முறையைச் சொல்லும் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவ்வூரின் பழங்கல்வெட்டுகளில் ஏரி வாரியம், கழனி வாரியம் ஆகியவற்றோடு 'தடிவழி வாரியம்' என்ற பெயரும் காணப்படுகிறது. தடி என்பது வயல். வயல்களுக்குச் செல்லும் வழிகளைப் பராமரித்த குழு என்று இதற்கு அறிஞர்கள் பொருள் கூறுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கும் கழனிக்கும் இருந்ததைப் போலவே கழனி வழிக்கும் ஒரு குழு இருந்தது. இன்று ஏரிக்குச் சங்கம் இருக்கிறது, பாலுக்குச் சங்கம் இருக்கிறது. வழிக்கு மட்டும் யாரும் இல்லை.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்டம் நடத்த ஏற்பாடு செய்யப்பட்டது. 'சாலை வசதி வேண்டும்' என்று பொதுவாக எழுதிக் கொடுக்கும் மனுவை விட, கீழ்க்காணும் நான்கையும் குறிப்பிட்டுத் தீர்மானம் கொண்டுவருவது பலன் தரும்.

1. கழனி வழியை வருவாய்த்துறை வரைபடப்படி அளந்து, எல்லைக் கல் நடுதல்.

2. வழியின் நடு உயர்த்தி, இருபுறமும் ஓரக்கால்வாய் வெட்டி, அது எந்த ஓடையில் அல்லது ஏரியில் சேர வேண்டும் என்பதையும் குறிப்பிடுதல்.

3. பாசன நீர் குறுக்கே செல்லும் ஒவ்வோர் இடத்திலும் குழாய் பதித்தல் அல்லது சிறுபாலம் அமைத்தல்.

4. ஏரிக்கரைத் தடத்தில் கனரக வண்டிகள் செல்லாதபடி தடுப்பு வைத்து, சைக்கிளும் இருசக்கர வண்டியும் செல்ல மட்டும் இடைவெளி விடுதல்.

இவை நிறைவேறும் வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே வழியைப் பயன்படுத்தும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, புரட்டாசி பிறக்குமுன் ஒரு நாள் மண்வெட்டியோடு இறங்கினால், ஓரக்கால்வாயைத் திறந்து, நடுப்பள்ளங்களை நிரப்பிவிடலாம். பள்ளத்தில் வெறும் மண்ணைப் போடாமல், சரளையும் செம்மண்ணும் கலந்து, ஈரப்படுத்தித் திமிசு போட வேண்டும்.

வந்து போகிறவர்கள்

பைகளைக் கட்டிக்கொண்டு வரும் நகரத்துச் சைக்கிள் பயணிகளை வேடிக்கையாகவோ தொல்லையாகவோ கருத வேண்டாம். இளநீரும் மோரும் வாங்கிக் குடிப்பார்கள், வழி கேட்பார்கள். ஏரிக்கரையும் கழனி வழியும் நல்ல நிலையில் இருந்தால் இன்னும் பலர் வருவார்கள். கழனிக்கு அருகிலேயே நாட்டுக் காயும் சாமையும் நேரே விற்கலாம். வருகிறவர்களும் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். நெல் காயும் சாலையில் சக்கரம் ஏற்றக் கூடாது. சேற்று வழியில் ஓட்டித் தடம் பறிக்கக் கூடாது. வரப்பு என்பது ஓட்டப் பாதை அன்று.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தவறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் வனத்துறை 40 மலையேற்ற வழிகளை அறிவித்தது. காட்டோர ஊர்களில் வழி காட்ட அழைக்கப்படுபவர்கள் அனுமதிச் சீட்டு உள்ளதா என்று கேட்டபின் உடன் செல்வதே பாதுகாப்பு.

ஆனால் வழி செப்பனிடப்பட வேண்டியது அந்தப் பயணிகளுக்காக அன்று. கடினமான வழி அவர்களுக்கு ஒரு வாரத்துப் பயணம். விரும்பாவிட்டால் அடுத்த வாரம் வேறு வழி பார்ப்பார்கள். விவசாயிக்கு வருடம் முழுவதும் அந்த ஒரு வழிதான். விடியற்காலை இருட்டில், முப்பது கிலோ மூட்டைகள் இரண்டு பின்னால் தொங்க, கணவனோ மனைவியோ தள்ளிக்கொண்டு வரும் சைக்கிளின் சக்கரம் தேங்கிய நீரில் இறங்காமல் சந்தை சேர வேண்டும். அதற்கு வேண்டியது நடுவில் மூன்று விரல்கடை உயரமும், ஓரத்தில் தூர்க்கப்படாத ஒரு கால்வாயும். அடுத்த கிராம சபையில் முதலில் இதைக் கேளுங்கள். தாரைப் பிறகு கேட்கலாம்.